புதன் பின்னேரம் போன் எடுக்க மாட்டேன்

போன எபிசோடில் ஒன்-கோல் வேலையைப் பற்றிக் கதைத்தோம் தானே. கடைசியில் "நீ எப்பிடி மச்சான் ஸ்விட்ச் ஓஃப் பண்ணுறனீ?" என்று கேட்டபோது, "புதன் பின்னேரம் பாய்ப்படகு ரேஸ் ஓடுறனான்" என்று சொன்னேன். அதுக்கு மைக்கில் விழுந்த சிரிப்பை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பிறகு வந்த மெசேஜுகளில் பாதி நக்கல். "யாட் வச்சிருக்கிறீங்களோ அண்ணா? கொன்ராக்ட் ரேட் அவ்வளவோ?" மீதிப் பாதி உண்மையான கேள்விகள். அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் இந்தக் கிழமை இதை எழுதுகிறேன்.

முதலில் யாட் என்ற படத்தை மண்டையிலிருந்து அழித்துவிடுங்கள். நான் ஓட்டுவது 4.2 மீற்றர் நீளமான ஒரு டிங்கி. ஒரு பாய், ஒரு கயிறு, ஒரு சுக்கான், அவ்வளவுதான். எஞ்சின் இல்லை, ஸ்கிரீன் இல்லை. உள்ளே குந்தியிருக்கக்கூட வடிவான இடம் இல்லை. காற்று பலத்தால் விளிம்பில் இருந்து உடம்பை வெளியே தொங்கவிட வேண்டும். அடுத்த நாள் ஸ்டான்ட்-அப்பில் எழும்பி நிற்க முடியாமல் தொடை வலிக்கும்.

இது நடக்கிற இடம் உங்களில் பலருக்குத் தெரியாமலே தெரிந்த இடம். நெஸ்டன் ஐகியாவுக்கு அம்மாவோடு அலுமாரி வாங்கப் போய் நோர்த் சேர்குலர் ட்ரஃபிக்கில் நின்றிருப்பீர்கள். அந்த ரோட்டுக்குக் கொஞ்சத் தூரம் வடக்கே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. வரைபடத்தில் பேர் பிரென்ட் ரிசர்வோயர், ஆக்கள் சொல்லுவது வெல்ஷ் ஹார்ப். ஈலிங் ரோட்டில் தோசை சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறினால் பதினைந்து நிமிஷம். நான் வெம்பிளியிலே வளர்ந்தவன். முப்பது வயது மட்டும் அந்தத் தண்ணியை ஒருநாளும் கண்டதில்லை.

அது இயற்கையான ஏரி இல்லை, ஒரு பழைய இன்ஃப்ராஸ்ட்ரக்சர். ரீஜன்ட்ஸ் கால்வாய்க்குத் தண்ணி போதாமல், 1834, 35 காலத்தில் பிரென்ட் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டித் தேக்கினார்கள். பேர் வந்தது எட்ஜ்வேர் ரோட்டில் இருந்த ஒரு பப்பில் இருந்து. பப் இப்போது இல்லை, பேர் மட்டும் தண்ணியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் காலத்தில் இது லண்டன் சனத்தின் வாரக்கடைசி இடம்: குதிரை ரேஸ், பனிச்சறுக்கு, சந்தை எல்லாம் நடந்திருக்கிறது. 1876இல் இயந்திர முயலைத் துரத்தி நாய்களை ஓடவிட்ட முதல் போட்டியும் இங்கேதான். 1960இல் ஐரோப்பியப் பெண்கள் துடுப்புப் படகுப் போட்டி நடந்தது. 1950இலிருந்தே பறவைகளுக்காகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிற நீர்நிலை. அதனால் ரேஸுக்கு நடுவில் கொண்டை வைத்த முக்குளிப்பான் ஒன்று குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு குறுக்கே போகும். அதுக்கு ஸ்டார்போர்ட், போர்ட் ஒன்றும் கிடையாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை வீரக்கதை இல்லை.

ஆறேழு வருஷத்துக்கு முதல் ஒரு கொன்ராக்டில் இருந்தேன். கொம்பனி பேர் வேண்டாம். பேமென்ட் சிஸ்டம், 24 மணிநேரமும் ஓட வேண்டியது. மூன்று கிழமைக்கு ஒரு தடவை ஒன்-கோல் என்று எழுத்தில் இருந்தது. இரண்டு பேர் விட்டுப் போக, ஒன்றுவிட்ட கிழமையாகி, பிறகு கேட்பாரில்லாமல் எப்போதும் நான் என்று ஆகிவிட்டது. கொன்ராக்டர் தானே, நாள் கூலி. இல்லை என்று சொன்னால் அடுத்த ரினியூவல் வராது என்ற பயம். அந்த அலாரம் சத்தத்துக்கு என்னுடைய உடம்பு எப்படிப் பழகியது என்றால், சுப்பர்மார்க்கெட்டில் வேறு யாருடையோ போன் அதே மாதிரி அடித்தாலும் வயிறு பிசையும்.

அம்மம்மாவின் அந்தியேட்டி அன்று ஹோலில் சனம் நிறைந்திருந்தது. ஐயர் கூப்பிடுகிறார், மாமா தேடுகிறார். நான் பின்னால் சமையல் செய்கிற இடத்தில், வடைச் சட்டிக்குப் பக்கத்தில், அரிசி மூட்டைக்கு மேலே லப்டொப்பை வைத்து டேற்றாபேஸ் ஒன்றை ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம். திரும்பி வரும்போது கிரியை முடிந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டைப் போட்டுத் தந்தா. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அந்த ரீமில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். மெயின்ஃப்ரேம் ஆள், கோபோல் எழுதி எழுதியே தலை நரைத்தவர். அவர் புதன்கிழமைகளில் சரியாக ஐந்தரைக்கு எழும்பிப் போய்விடுவார். என்ன எரிந்தாலும் போவார். ஒருநாள் லிஃப்டில் வைத்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். தன்னுடைய படகில் முன்னுக்கு இருக்க ஆள் இல்லை, பாரமும் காணாது, வருகிறாயா என்றார். நீந்தத் தெரியுமா என்றுகூடப் பிறகுதான் கேட்டார். எனக்கு ஸ்கூலில் படித்த 25 மீற்றர் தெரியும். அவ்வளவு காணும், மிதவைச் சட்டை போடத்தான் வேணும் என்றார்.

முதல் பின்னேரம் அவருடைய வேஃபேரரில் போனேன். அது இரண்டு பேர் ஓட்டுகிற, 1950களில் வடிவமைத்த, வயதான மாமி மாதிரி அகலமான, நம்பிக்கையான படகு. போனைக் கரையில் லொக்கரில் வைத்துப் பூட்டச் சொன்னார். "நனையாத பை இருக்கு, கொண்டு வரலாம்" என்றேன். "கொண்டு வரலாம். எந்தக் கையால் எடுப்பாய்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலேயே முழு விஷயமும் இருக்கிறது. ஒரு கையில் பாயை இழுத்து விடுகிற கயிறு, மற்றக் கையில் சுக்கான். முன்னுக்கு இருப்பவருக்கு வேறு கயிறுகள். மூன்றாவது கை இல்லை. மெடிட்டேஷன் அப் எல்லாவற்றையும் நான் பாவித்துப் பார்த்தவன். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று ஒரு குரல் சொல்லும், அந்தக் குரல் வருவதே போனுக்குள்ளிருந்து. இங்கே மனக்கட்டுப்பாடு எல்லாம் தேவைப்படவில்லை. கை ஒழியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும், எனக்கு அதுதான் பைத்தியம். ஓட்டப்பந்தயம் மாதிரிக் கோட்டில் நின்று கிளம்ப முடியாது. படகுக்குப் பிறேக் இல்லை. கரையில் ஒரு கம்பம், தண்ணியில் ஒரு மிதவை, இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கொடியும் ஹோர்னும். நான்கில் இன்னொன்று. ஒரு நிமிஷத்தில் ஒன்று. பிறகு பூச்சியம். அந்த ஐந்து நிமிஷமும் பதினைந்து படகுகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி ஓடும். பூச்சியத்தில் உங்கள் படகின் மூக்கு கோட்டில், முழு வேகத்தில் இருக்க வேணும். ஒரு செக்கன் முந்தினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேணும். பிந்தினால் முன்னுக்குப் போனவனின் பாய் காற்றைக் கெடுக்கும், அவனுடைய மிச்சக் காற்றில் நீங்கள் தள்ளாடுவீர்கள். ரேஸ் கண்டிஷன் என்ற சொல்லை பல்கலைக்கழகத்தில் படித்தேன், அங்கேதான் விளங்கியது.

பிறகு காற்றுக்கு எதிராக ஏற வேணும். நேரே போக முடியாது, எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேர் எதிரே போகாது. சுமார் 45 பாகையில் ஒரு பக்கம், திரும்பி மறுபக்கம் என்று வளைந்து வளைந்து ஏற வேணும். வெல்ஷ் ஹார்ப்பில் இது சரியான கஷ்டம். சுற்றிவர மரம், வெஸ்ட் ஹென்டன் பக்கம் உயர மாடிகள். காற்று அவற்றில் பட்டு உடைந்து வரும். ஒரு நிமிஷம் தெற்கு, அடுத்த நிமிஷம் மேற்கு. தண்ணியில் கறுப்பாகச் சுருங்கிக்கொண்டு ஒரு திட்டு ஓடி வந்தால் அதுதான் காற்று. அதைப் பத்துச் செக்கனுக்கு முதலே கண்டுபிடிக்கிறவன் வெல்லுவான். பாயில் ஒட்டிய இரண்டு கம்பளி நூல்தான் என்னுடைய சென்சர்.

சென்சர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கப் போட்டியில் ஒரக்கிள் படகு 8க்கு 1 என்று தோற்றுக்கொண்டிருந்து, கடைசியில் 9க்கு 8 என்று வென்றது. உடல் முழுக்க சென்சர் பூட்டிய படகு அது. டேற்றாபேஸ்காரரின் படகு வேறு எப்படி இருக்கும்? ஆனால் அந்தப் படகின் வகைக்கு உலகம் முழுக்கச் சொல்லுகிற பேர் எங்கள் "கட்டுமரம்" என்ற சொல்லில் இருந்து போனது. அடுத்த முறை ஒஃபிசில் யாராவது கற்றமரன் என்று சொன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லலாம்.

எங்கள் கிளப்பில் எல்லாருக்கும் ஒரே படகு இல்லை. வேகமானதும் ஓடும், மெதுவானதும் ஓடும். அப்ப எப்படி வெற்றியைக் கணக்குப் பார்ப்பது? இதற்குப் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு படகு வகைக்கும் ஒரு எண். என்னுடைய லேசருக்கு (2019க்குப் பிறகு ஐ.எல்.சி.ஏ என்பது புதுப் பேர், ஒருவரும் சொல்லுவதில்லை) 1100ஐ ஒட்டி வரும். சின்னப் பெடியள் ஓட்டுகிற டொப்பருக்கு 1360ஐ ஒட்டி. எடுத்த நேரத்தை 1000ஆல் பெருக்கி அந்த எண்ணால் பிரிக்க வேணும். நான் 55 நிமிஷத்தில் முடித்தால் என் திருத்திய நேரம் 50. டொப்பர் பெடியன் 68 நிமிஷத்தில் வந்தாலும் அவனுக்கும் 50. சமன். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், நாடு முழுக்க உள்ள கிளப்புகள் தங்கள் முடிவுகளை அனுப்ப, அவற்றை வைத்து வருஷா வருஷம் திருத்துகிறார்கள். கம்பியூட்டர் பரவமுதலே ஓடத் தொடங்கிய ஒரு மொடல், சனமே டேற்றா கொடுத்துச் சனமே திருத்துகிறது. எனக்கு இதில் ஒரு காதல் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு பதின்மூன்று வயசுப் பெட்டை எனக்குப் பத்து நிமிஷம் பிந்தி வந்து என்னைத் தோற்கடித்துவிட்டு, ஹோட் சொக்லட் குடித்துக்கொண்டு போவாள். நோகும்.

நடுவர் இல்லை என்பதுதான் எனக்கு விளங்க நேரம் எடுத்த விஷயம். கரையில் ரேஸை நடத்துகிறவர் ஸ்டார்ட்டும் பினிஷும் மட்டும்தான் பார்ப்பார். அவரும் ஒரு அங்கத்தவர், முறை வைத்து எல்லாரும் செய்வது. தண்ணிக்குள் பிழை விட்டால் பிழை விட்டவர்தான் தண்டனையைத் தானே எடுக்க வேணும். வலப்பக்கத்தால் காற்று வாங்கும் படகுக்கு வழிவிடாமல் மோதினால் இரண்டு முழு வட்டம் சுற்ற வேணும். மிதவையில் பட்டால் ஒரு வட்டம். மறுத்தால் மற்றவர் "புரொட்டெஸ்ட்" என்று கத்தலாம், பிறகு கரையில் விசாரணை. விதிப் புத்தகத்தின் தொடக்கமே இதுதான்: விதிகளைப் பின்பற்றுவதும் நிலைநாட்டுவதும் ஓடுகிறவர்களின் பொறுப்பு.

இரண்டாவது வருஷம் ஜூனில் ஒரு புதன். நான் நல்ல இடத்தில் இருந்தேன். அணைப் பக்க மிதவையைச் சுற்றும்போது பாயின் அடிக்கட்டை மெதுவாக மிதவையில் உரசியது. சத்தமே இல்லை. முன்னுக்கு ஒருவரும் இல்லை, பின்னுக்கு வந்தவர் என் பாயால் மறைந்திருந்தார். நான் சுற்றவில்லை. போய்க்கொண்டே இருந்தேன். திருத்திய நேரத்தில் இரண்டாவது. அதுவரைக்கும் ஆறாவதுக்கு மேலே வந்ததில்லை.

ரிசல்ட் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன், தோளில் தட்டுகிறார்கள். எனக்கு அந்த உரசல் மட்டும்தான் ஞாபகம். ஆனால் உண்மையில் அந்த உரசலும் இல்லை. அதுக்கு மூன்று கிழமைக்கு முதல் வேலையில் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஒரு கொன்ஃபிக் மாற்றம் தள்ளியிருந்தேன். ஞாயிறு சிஸ்டம் விழுந்தது. போஸ்ட்-மோர்ட்டத்தில் எல்லாரும் வெளி வெண்டரைக் கை காட்டினார்கள். லொக் வடிவாகப் பார்த்தால் என்னுடைய மாற்றம் என்று தெரியும், ஆனால் ஒருவரும் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. "பிளேம்லெஸ்" என்று எழுதிய ஸ்லைடுக்கு முன்னால் இருந்துகொண்டுதான்.

மேசைக்குப் போய் "நான் மிதவையில் பட்டனான், ரிட்டயர் எண்டு போடுங்கோ" என்று இங்கிலிஷில் சொன்னேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி" என்று பேருக்கு நேரே கோடு போட்டுவிட்டு அடுத்த படகின் நேரத்தை எழுதினா. அவ்வளவுதான். ஒரு பாராட்டும் இல்லை, ஒரு பார்வையும் இல்லை. மறுநாள் காலையில் ரீம் லீட்டுக்கு அந்த கொன்ஃபிக் விஷயத்தை எழுதி அனுப்பினேன். அது அவ்வளவு அமைதியாகப் போகவில்லை. இரண்டு மீட்டிங், ஒரு நீண்ட மெயில். அடுத்த ரினியூவல் வரவில்லை. அதுதான் காரணமா, பட்ஜெட்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டு மாசம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அந்த இரண்டு மாசமும் நித்திரை கொண்டேன் என்பது மட்டும் தெரியும்.

இப்போது உங்களில் சிலர் "டெக்கில் இருந்து தப்ப ஒரு நல்ல வழி" என்று எழுதி வைத்துக்கொள்வீர்கள். அவசரப்படாதீர்கள். நான் அதையும் பழுதாக்கிப் பார்த்தவன்.

மூன்றாவது வருஷம் ஒரு ஜிபிஎஸ் மணிக்கூடு வாங்கினேன். ஸ்டார்ட் கவுண்ட்டவுனுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு மாசத்தில் ஒவ்வொரு ரேஸின் தடத்தையும் இறக்கி, பைத்தன் ஸ்கிரிப்ட் எழுதி, திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை செக்கன் இழந்தேன் என்று வரைபடம் போட்டேன். புதன் இரவு பதினொரு மணிக்கு டாஷ்போர்ட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனுசி வந்து எட்டிப் பார்த்தா. "இப்ப உங்களுக்கு ரெண்டு வேலை, ஒண்டுக்குத்தான் காசு" என்றா. உண்மையில் என்னுடைய இடமும் முன்னேறவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கிற நேரம் தண்ணியைப் பார்க்கவில்லை, கறுப்புத் திட்டு பக்கத்தால் போய்விடும். இப்போது பத்துப் பவுண்ட் பிளாஸ்டிக் மணிக்கூடு. பின்னோக்கி எண்ணும், வேறொன்றும் செய்யாது.

இயற்கையில் இருந்தால் களைத்த கவனம் மீளும் என்று ரேச்சல், ஸ்டீபன் கப்லன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1989இல் எழுதியதை யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். மேகம், இலை, நீர் மாதிரி மெதுவாக ஈர்க்கும் விஷயங்கள் என்று அவர்கள் சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் ரேஸ் மெதுவாக ஈர்ப்பதில்லை, காதைப் பிடித்து இழுக்கிறது. ரேஸ் முடிந்து, ஒன்பது மணியாகியும் வெளிச்சம் இருக்க, காற்று விழுந்து, எல்லாரும் மெதுவாகக் கரைக்கு மிதந்து வருகிற பதினைந்து நிமிஷம் இருக்கிறதே, அதுதான் கப்லன் சொன்னது என்று நினைக்கிறேன். தூரத்தில் வெம்பிளி ஸ்டேடியத்தின் வளைவில் லைட் போடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காக முதல் ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கு, எனக்கு.

அம்மாவுக்கு நான் இதைச் சொல்லாமல் ஒரு வருஷம் ஒளித்தேன். என் சாதகத்தில் தண்ணிக்கண்டம் இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கும் இருக்கும். எங்கள் சாத்திரிமாருக்கு அது ஒரு டிஃபோல்ட் செட்டிங் என்று நினைக்கிறேன். கீரிமலைக்குப் போனாலும் படியில் இருந்து காலை நனைத்துவிட்டு வா என்று வளர்த்த குடும்பம். கடலைக் கண்டு பயப்பட எங்கள் சனத்துக்கு வேறு காரணங்களும் இருக்கு, அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கலியாண வீட்டில், பக்கத்தில் இருந்த வல்வெட்டித்துறை மாமா ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்கட ஊர் தோட்டக்காணி, அதுதான் பயம். எங்கட ஆக்கள் கப்பல் கட்டி அமெரிக்காவுக்கே ஓட்டினவை, தம்பி" என்றார். அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினால் முழு உண்மை. 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்க மாலுமி வாங்கினார். தன் மனைவியின் பேரை அதுக்கு வைத்தார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். சுவெஸ் கால்வாய் தாண்டி, அட்லான்டிக் தாண்டி. மிதவைச் சட்டைகூட இருந்திருக்காது. நான் நெஸ்டனில் ஒரு மிதவையைச் சுற்றிவிட்டுத் தொடை வலிக்குது என்று சொல்லுகிறேன்.

இந்தப் பக்கம் சென்னையும் சும்மா இல்லை. 1911இல் தொடங்கிய யாட் கிளப் ஒன்று அங்கே இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில், பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் போனார். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். இரண்டு பேரும் ஓட்டுவது லேசர் வகை. நேத்ராவுக்குக் கொஞ்சம் சின்னப் பாய், விஷ்ணுவுக்கு நான் வைத்திருக்கிற அதே பாய். அதே படகு என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சந்தோஷம், வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. படகு வாங்க வேண்டாம். கிளப்புகளில் பொதுப் படகு இருக்கும், முன்னுக்கு இருக்க ஆள் தேடுகிறவர்களும் எப்போதும் இருப்பார்கள். முதலில் ஆர்.வை.ஏ லெவல் 1, 2 என்ற பயிற்சி செய்யுங்கள், ஒவ்வொன்றும் வழமையாக இரண்டு நாள். ஹரோ, வெம்பிளி ஆக்களுக்கு வெல்ஷ் ஹார்ப். ஈஸ்ட்ஹாம் பக்கம் என்றால் ஐல் ஒஃப் டோக்ஸில், மில்வால் டொக்கில் ஒரு சென்ரர் இருக்கு, கனரி வோர்ஃபில் வேலை செய்கிறவர்கள் லப்டொப்பைப் பூட்டிவிட்டு நடந்தே போகலாம். ரூட்டிங் ஆக்களுக்குப் புட்னியில் தேம்ஸிலேயே கிளப் இருக்கு, ஆனால் அங்கே நீர் ஏறி இறங்கும், காற்றோடு ஓட்டத்தையும் படிக்க வேணும். கவிழுவீர்கள். எல்லாரும் கவிழுவார்கள். சேஃப்டி போட் பார்த்துக்கொண்டிருக்கும். கையில் காயம் இருந்தால் ஒட்டிக்கொண்டு போங்கள், வீட்டுக்கு வந்து குளியுங்கள். முதல் நாள் நாங்கள் மட்டும்தான் மண்ணிறம் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது, அது முழுக்க என் கற்பனையும் இல்லை. ஆனால் கவிழ்ந்த படகைத் தூக்க ஆள் காணாத இடத்தில் அது நீண்ட நேரம் நிலைக்காது.

ஒன்-கோல்? அதுக்கு மந்திரம் இல்லை. இப்போதைய கொன்ராக்டில் புதன் பின்னேரத்தை இன்னொரு பெடியன் எடுக்கிறான், அவனுடைய ஞாயிறு இரவுகளை நான் எடுக்கிறேன். ஞாயிறு இரவில்தான் பட்ச் வேலைகள் விழும். நட்டக் கணக்குத்தான். பரவாயில்லை.

போன மாசம் அப்பாவும் அம்மாவும் முதல் தடவை வந்தார்கள். அம்மா காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தா. அப்பா தண்ணிக் கரைக்கு வந்தார். அணைப் பக்கத்தால் நல்ல காற்று, தண்ணியெல்லாம் கறுப்புத் திட்டு. கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் நின்றார்.

"தென்மேற்கு, அப்பா. லண்டனில கூடுதலா இந்தக் காத்துத்தான்" என்றேன்.

"இது சோழகமெல்லோ" என்றார். "ஊரில இந்தக் காத்துக்குத்தான் பட்டம் விடுறனாங்கள்."

பிறகு படகைத் தண்ணிக்குள் தள்ள ஒரு கை தந்தார். சப்பாத்து நனைந்துவிட்டது. ஐந்து நிமிஷக் கொடி ஏறியது. நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் பாய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.